வாள் உரைக்கும் நீதி: வரலாற்றுப் புதினத்தின் இருவர் போர் புறமரபின் தொடர்ச்சியா?

முன்னுரை

தமிழ் வரலாற்றுப் புதினங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. கதைத்தலைவனும் அவன் பகைவனும் தனித்து நின்று வாளால் பொருது தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் காட்சி, சங்கப் புறப்பொருள் மரபின் தொடர்ச்சி என்பதே அக்கூற்று. 'வீரநிலைக் கூறுகள்' என்றோ 'புறத்திணைச் செல்வாக்கு' என்றோ ஓர் இயல் அமைப்பர், புறநானூற்றிலிருந்து இரண்டு மூன்று பாட்டெண்களைக் காட்டுவர், தும்பை, வாகை எனத் திணைப்பெயர் இரண்டைச் சொல்வர், இயல் முடிந்துவிடும். நெறியாளரும் வினவுவதில்லை, வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருப்போரும் வினவுவதில்லை.

இக்கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. இருவர் பொருவது வேறு. அப்போரின் முடிவை நீதியின் முடிவாகக் கொள்வது வேறு. முன்னது புறப்பாடல்களில் உண்டு. பின்னது, அதாவது வென்றவன் பக்கமே உண்மை நின்றது எனக் கொள்ளும் கருத்து, நம் புறமரபுக்கு உரியதன்று. அது வேறொரு நாட்டின் சட்ட வழக்கிலிருந்து அந்நாட்டுப் புதினத்துக்கும், அங்கிருந்து நம் புதினத்துக்கும் வந்து சேர்ந்தது. வந்ததில் தவறில்லை. வந்ததை நம் மரபு எனப் பெயர் சூட்டி, நம் மரபு உண்மையில் பேசிய பொருளை மறைப்பதே தவறு. அம்மரபு பேசிய பொருள், போருக்குப் பின் நிகழ்வது.

வழக்கு ஒழிந்த ஆண்டும் புதினம் பிறந்த ஆண்டும்

ஒரு குற்றச்சாட்டின் உண்மை பொய்மையை அறிய இரு தரப்பாரும் படைக்கலம் ஏந்திப் பொருவதும், வென்றவனைத் தெய்வம் நிரபராதி என்று காட்டியதாகக் கொள்வதும் இடைக்கால ஐரோப்பாவில் நீதிமன்ற நடைமுறையாகவே இருந்தன. இதனை இக்கட்டுரை 'வாள்வழித் தீர்ப்பு' எனக் குறிக்கிறது. இங்கிலாந்தில் இம்முறை வழக்கொழிந்து நெடுங்காலம் ஆன பின்னும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. 1817இல் மேரி ஆஷ்ஃபோர்டு என்னும் இளம்பெண்ணின் மரணம் தொடர்பாகக் குற்றம் சுமத்தப்பெற்று விடுதலையான ஆபிரகாம் தார்ன்டன் மீது அப்பெண்ணின் தமையன் மீண்டும் முறையீடு செய்தார். தார்ன்டன் நீதிமன்றத்தில் கையுறையை எறிந்து, போர்வழித் தீர்ப்பைக் கோரினார். எதிர்வழக்காடியவர் பொர முன்வரவில்லை. 1818இல் தார்ன்டன் விடுவிக்கப்பெற்றார். அதிர்ச்சியுற்ற பாராளுமன்றம் 1819இல் அம்முறையைச் சட்டத்தால் ஒழித்தது.

அதே 1819ஆம் ஆண்டின் இறுதியில் சர் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' வெளிவந்தது. சூனியக் குற்றம் சாட்டப்பெற்ற யூதப் பெண் ரெபெக்காவின் உயிர், இரு வீரர்களின் போரால் முடிவு செய்யப்படுவதே அதன் உச்சக்காட்சி. சட்டம் கைவிட்டதைப் புதினம் அவ்வாண்டிலேயே கையில் எடுத்தது எனலாம். ஆயினும் ஸ்காட் அதனை எவ்வாறு எடுத்தார் என்பது நோக்கத்தக்கது. களத்தில் எதிரி வீழ்வது ஐவன்ஹோவின் ஈட்டியால் அன்று. தன் நெஞ்சின் கொந்தளிப்பாலேயே அவன் மாள்கிறான். தீர்ப்பால் விடுதலை பெற்ற ரெபெக்காவோ இங்கிலாந்தில் தங்கவில்லை. தந்தையோடு கிரனாடாவுக்குப் புறப்படுகிறாள். வாள் அவளை விடுவித்ததேயன்றி, அந்நாட்டில் அவளுக்கு ஓர் இடத்தைத் தரவில்லை.

அண்மைக்கால மிகைபுனைவுப் புதினமும் இவ்வழியையே மேற்கொண்டது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் மூன்றாம் நூலில் (2000), செய்யாத கொலைக்காகக் குற்றம் சாட்டப்பெற்ற டிரியனுக்காக ஓபரின் களம் இறங்கி மாண்டுபோகிறான். குற்றமற்றவன் குற்றவாளி ஆகிறான். இறந்தவன் நாட்டிலோ பழிவாங்கும் குரல் எழுகிறது. அங்குக் கதை போரோடு முடியவில்லை, போரிலிருந்துதான் தொடங்குகிறது. தொலைக்காட்சித் தொடராக (2011–2019) வந்தபின் நம் மாணவர் பலரும் இதனை அறிவர். வாள்வழித் தீர்ப்பைத் தம் வரலாற்றில் உடைய சமூகமே அதன் பின்விளைவை ஐயத்தோடு எழுதுகிறது. அதனைத் தம் வரலாற்றில் பெறாத நாம் ஐயமின்றிக் கொண்டாடுகிறோம். இம்முரண் ஆராயப்பட வேண்டியது.

தமிழக நீதி வழக்கில் வாளுக்கு இடமுண்டா?

தெய்வத்தைச் சான்றாக்கும் தீர்ப்புமுறைகள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி துலை, தீ, நீர், நஞ்சு, கோசநீர் என ஐந்தைக் கூறுகிறது. அவற்றுள் இருவர் போர் இல்லை. மதுரையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடும் அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தீர்ப்புச் சொல்வன தீயும் வையையும் ஆகும், வாள் அன்று. அவ்வாதங்களின் பின்விளைவாகப் பாடப்பெறும் கழுவேற்றமோ இன்றளவும் ஆய்வுலகில் ஓயாத வழக்காக நிற்கிறது. தெய்வமே தீர்ப்பளித்ததாகச் சொல்லப்பட்ட இடத்திலும், தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்ததை விட்டு மனம் அகல்வதில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் நடைமுறை இன்னும் தெளிவானது. வேட்டையில் விலங்குக்கு எய்த அம்பு மனிதன்மேல் பட்டு அவன் இறந்துபோன நிகழ்ச்சிகள் சில கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. ஊரவரும் நாட்டவரும் கூடி ஆராய்கின்றனர். கொல்லும் கருத்து இல்லை எனத் தெளிகின்றனர். எய்தவனைக் கொல்லாமல், இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்கப் பணிக்கின்றனர். ஒரு நுந்தாவிளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' 96 என்பது பரவலாகக் காணப்படும் அளவு. சாவா மூவா என்னும் அடைமொழி, ஆடுகளின் எண்ணிக்கை என்றும் குறையாது காக்கப்படும் என்பதைக் குறிக்கும். ஆகவே, ஒருவன் செய்த கொலை அவன் வாழ்நாளோடும் தீர்வதில்லை. விளக்கு எரியும் வரை அது நினைக்கப்படுகிறது. சோழர் காலத்தைக் களமாகக் கொண்ட புதினங்களில் எத்தனை வாட்போர்கள்! அவற்றை ஆராய்ந்த ஏடுகளும் எத்தனை! சோழர்தம் கொலை நீதி இத்தகையது என்பதை அவ்வாய்வேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோர் அரியர்.

புறப்பாடல்களில் வென்றவனும் தோற்றவனும்

இனி, சான்றாகக் காட்டப்பெறும் புறநானூற்றையே காண்போம். இருவர் போருக்கு நேர்ச்சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போர். சாத்தந்தையார் அதனைப் பாடுகையில் (புறம். 80), மகனோடு மாறுபட்ட தந்தை தித்தன் இதனைக் காணட்டும் என்கிறார். போர் மல்லனோடு; மனத்தாங்கல் தந்தையோடு. மல்லனை வென்றதால் தந்தைக்கும் மகனுக்கும் இடைப்பட்ட வழக்குத் தீர்ந்தது எனப் புலவர் கூறவில்லை. நக்கண்ணையார் பாட்டிலோ (புறம். 85) வெற்றி அவனுடையது என ஒரு சாராரும், அன்று என மற்றொரு சாராரும் பேசுகின்றனர். வென்றது யார் என்பதிலேயே ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது, வாள்வழித் தீர்ப்பு எங்ஙனம் பிறக்கும்?

வெண்ணிப்பறந்தலைப் போர் இவ்வழக்கை முடித்துவைக்கும் சான்று. கரிகாலன் வென்றான், சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்றவனையே முன்னிலைப்படுத்தி, வடக்கிருந்தவன் உன்னினும் நல்லன் அல்லனோ எனக் கேட்கிறார் (புறம். 66). வேட்கோ மரபினர் எனக் கருதப்படும் ஒரு பெண்பாற்புலவர், போர் அளித்த தீர்ப்பைப் போர் முடிந்த பின் வென்றவன் முகத்துக்கு நேரே மாற்றி எழுதுகிறார். அதைப் பாட்டாகப் போற்றித் தொகையில் வைத்துக் காத்தது இம்மரபு. வென்றவனே மேலானவன் என்பது புறமரபின் கொள்கையாயின் இப்பாட்டுக்கு அங்கு இடமேது?

கோவூர்கிழாரின் இரு பாடல்களும் இதனோடு வைத்து எண்ணத்தக்கன. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது, ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே, இருவரும் வெல்லுதல் இயலாது என இடைபுகுந்து தடுக்கிறார் (புறம். 45). கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இட முனைந்தபோது அக்குழந்தைகளைக் காக்கப் பாடுகிறார் (புறம். 46). ஒன்று போருக்கு முன். மற்றொன்று பகையின் பின்விளைவு. புலவன் நிற்கும் இடம் இவ்விரண்டுமே. வாள்கள் மோதும் நடுக்கணத்தில் அவன் நீதியைத் தேடவில்லை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழ வேந்தனும் ஒருங்கு மாய்ந்த களத்தில் கழாத்தலையார் காண்பது வெற்றியை அன்று; உணவும் நீராடலும் துறந்து கணவர் மார்பைத் தழுவிக் கிடக்கும் மகளிரை (புறம். 62). பறம்பு வீழ்ந்தபின் பாரிமகளிர் பாடியது (புறம். 112) யாவரும் அறிந்தது.

இலக்கணமும் இதற்கு இசைவாகவே நிற்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் மூதானந்தம், முதுபாலை, கையறுநிலை, தபுதாரநிலை, தாபதநிலை எனத் துறைகளை வகுக்கிறது. கணவனை இழந்தவள், மனைவியை இழந்தவன், தலைவனை இழந்த சுற்றம் என இழப்பின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பெயரிட்ட இலக்கணம் இது. புதினத்தின் வாட்போரைத் தும்பை, வாகை என்று மட்டும் வகைப்படுத்தும் ஆய்வாளர், இக்காஞ்சித் துறைகள் அப்புதினத்தில் எங்கே எனத் தேடியிருந்தால், 'தொடர்ச்சி' என்னும் சொல்லை அவ்வளவு எளிதாக எழுதியிருக்கமாட்டார்.

சிலம்பு உடைத்த வழக்கு

தமிழின் தலைசிறந்த வழக்காடு காட்சியில் வாள் இல்லை. உடைபடும் சிலம்பு உண்டு. முத்தா, மணியா என்னும் சான்றே பாண்டியனைக் குற்றவாளி ஆக்குகிறது. அத்தீர்ப்போடு காப்பியம் நிறைவு பெற்றிருக்கலாம். இளங்கோவடிகள் நிறைவு செய்யவில்லை. மதுரை எரிகிறது, பாண்டிநாடு மழை வறக்கிறது, வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகக் கூறப்படுகிறது. நீதி கேட்ட ஒரு வழக்கின் பின், வழக்கோடு தொடர்பில்லாத ஆயிரவர் உயிர் போகிறது. வஞ்சிக்காண்டம் முழுவதுமே பின்விளைவின் காண்டம். செங்குட்டுவன் கனகவிசயரை வென்று கல் சுமக்க வைத்த வெற்றியையும் காப்பியம் ஐயத்துக்கு உட்படுத்துகிறது. தவவேடத்தில் தப்ப முயன்றோரைப் பிடித்தது வீரமாகாது எனச் சோழனும் பாண்டியனும் இகழ்ந்த செய்தி அவையில் சொல்லப்படுகிறது. சினந்த அரசனை மாடலன் அறவுரையால் மாற்றுகிறான். சிறைப்பட்ட மன்னர் விடுவிக்கப்படுகின்றனர்.

பேகூர்க் கல் சொல்வது

இலக்கியம் உயர்ந்தோர் வழக்கு, நடைமுறை வேறாக இருந்திருக்கும் என்பார்க்குக் கற்கள் விடை கூறும். பெங்களூரில் தமிழ் பயிற்றுவிக்கும் எம்மனோர்க்கு இச்சான்று மிக அண்மையில் உள்ளது. நகரின் தென்பகுதியான பேகூரில் கிடைத்து, இப்போது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ள வீரக்கல் ஏறத்தாழக் கி.பி. 900ஐச் சார்ந்தது. கங்க மன்னன் எறெயப்பனின் பொருட்டு வீரமகேந்திரன் படையோடு பொருது நாகத்தரன் இறந்ததை அது கூறுகிறது. கல்லில் யானைகளும் குதிரைகளும் வாள்வீரரும் நெருங்கிப் பொருகின்றனர். எழுத்தோ போரில் நின்றுவிடவில்லை. நாகத்தரன் இறந்ததைக் கேட்ட மன்னன் இருகனுக்கு அப்பட்டத்தை அளித்து, பெம்பூர் முதலிய 12 ஊர்களைக் கல்நாடாகக் கொடுத்ததை ஊர்ப்பெயர்களோடு வரிசையாகப் பதிவு செய்கிறது. பேகூரில் உள்ள மற்றொரு கல், பெங்களூர் என்னும் பெயரை முதன்முதலில் தருவது எனப் போற்றப்படுவது. அதுவும் 'பெங்களூர்க் காளக'த்தில் இறந்த நாகத்தரன் வீட்டாரின் நினைவுக்கல்லே. இந்நகரின் பெயர் முதலில் எழுதப்பட்டது ஒரு வெற்றியைச் சொல்ல அன்று, இறந்தாரைச் சொல்ல.

போரில் மடிந்தவன் குடிக்கு அளிக்கும் நிலத்தைத் தமிழ்க் கற்கள் நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கூறும். கன்னடக் கற்கள் நெத்தருகொடகெ என்னும். நெய்த்தோர், நெத்தரு இரண்டும் குருதியைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். குருதிக்கு ஈடான நிலம் என்பது இரு மொழிக்கும் பொதுவான கருத்து. வீழ்ந்தவன் நியாயம் உடையவனா என இக்கற்கள் வினவவில்லை. அவன் விட்டுச்சென்றோர் எதனை உண்டு வாழ்வர் என வினவின. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பும், 2006இல் புலிமான்கோம்பையில் கண்டறியப்பெற்ற தமிழ்-பிராமி நடுகற்களும் நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. வரலாற்றுப் புதின ஆய்வு இவற்றை ஏனோ எட்டிப்பார்ப்பதில்லை.

புதினமும் ஆய்வும்

தி.த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) தொடங்கிவைத்த வரலாற்றுப் புதினம், கல்கியிடம் பெருவழக்காயிற்று. கல்கியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' உண்மையில் பின்விளைவின் புதினமே. வீரபாண்டியன் கொலை நந்தினியின் வஞ்சினமாகிறது. அது ஆதித்த கரிகாலனின் மரணத்தில் முடிகிறது. அம்மரணப் பழி வந்தியத்தேவன்மேல் வீழ்கிறது. கதை முடிந்தபின், இன்னார்க்கு என்னவாயிற்று என வாசகர்கள் வினவ, கல்கி முடிவுரையில் விடை கூற நேர்ந்தது. வாசகர் வேண்டியதும் பின்விளைவையே.

அப்புதினத்தின் எல்லைக்கு அப்பால் உள்ளது உடையார்குடிக் கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த அவ்வாணை, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்தம் உடைமைகளோடு உறவினர் உடைமைகளையும் பறிக்கிறது. உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மக்களை மணந்தவர் வரை அப்பட்டியல் நீள்கிறது. கொலை நிகழ்ந்து பல்லாண்டுகள் கழிந்தபின், கொலையில் கைபடாத மருமகன் நிலம் இழக்கிறான். இது நீதியா, அரச பழியா? இவ்வினாவை எழுப்பாமல், கொன்றவர் யார் என்னும் துப்பறியும் வினாவிலேயே நம் ஆய்வுகள் பெரிதும் ஆழ்ந்துவிட்டன. 2022இலும் 2023இலும் திரைப்படம் வெளிவந்தபோதும் மேடைதோறும் கேட்கப்பட்டது அதே வினாதான்.

கல்கிக்குப் பின் வந்த வெகுவாசிப்புப் புதினங்களில் வாட்போர் தனிச் சுவையாயிற்று. சாண்டில்யனின் 'யவன ராணி' கரிகாலன் காலத்தைக் களமாகக் கொண்டது. வெண்ணிக்குயத்தியாரின் வினாவை அப்புதினத்தின்முன் வைத்து ஆராய்வதே 'புறமரபின் தொடர்ச்சி' பற்றிய மெய்யான ஆய்வாகும். வாள்வீச்சின் வருணனைகளைத் தொகுத்துத் தருவது ஆய்வாகாது, அது பட்டியல்.

எழக்கூடிய மறுப்புகள்

முதலாவதாக, அரசனின் வெற்றி அறநெறியை முதலாகக் கொண்டது என மதுரை மருதன் இளநாகனார் கூறுவதை (புறம். 55) எடுத்துக்காட்டி, வெற்றியே அறத்தின் சான்று என வாதிடலாம். இது கூற்றைத் தலைகீழாக்குவது. அறவழி நின்றால் வெல்வாய் என்பது அரசனுக்குச் சொல்லும் அறிவுரை. வென்றாய், ஆதலால் அறவழி நின்றாய் என்பது அவனுக்குச் சொல்லும் முகத்துதி. முன்னதிலிருந்து பின்னதைப் பெறுதல் அளவைநூல் அறிந்தார் செய்யத்தகாத பிழை.

இரண்டாவதாக, புறப்பாடல்களும் பரணியும் கொலையைக் கொண்டாடவில்லையா எனக் கேட்கலாம். கொண்டாடுகின்றன, மறுப்பதற்கில்லை. தமிழர் போரை வெறுத்தனர் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆயின் கலிங்கத்துப்பரணியிலும் களம் காட்டலும் கூழ் அடுதலும் போருக்குப் பின் நிகழ்வனவே. செயங்கொண்டார் வெற்றியின் மிச்சத்தைப் பேய்களின் பானையில் இட்டுக் காட்டுகிறார். கொண்டாட்டமும் பின்விளைவைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக, பொழுதுபோக்குப் புதினத்திடம் இத்துணை எதிர்பார்க்கலாமா என்பர். புதினத்திடம் அன்று, ஆய்வாளரிடமே எதிர்பார்க்கிறோம். எழுத்தாளர் விரும்பியதை எழுதலாம். அதற்கு மரபுச் சான்றிதழ் வழங்குவோர் மரபை முழுமையாகப் படித்திருக்க வேண்டும்.

முடிவுரை

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று. வல்லவன் கையோங்குவதையே நீதி எனக் காணும் மனநிலை நாளும் நம் மாணவர்முன் கதையாகவும் காட்சியாகவும் விரிகிறது. அம்மனநிலைக்கு 'ஈராயிரம் ஆண்டு மரபு' எனத் தமிழ்த்துறையே முத்திரை இடுமாயின், அதனை ஐயுறும் கருவியை அவர்கள் வேறெங்குப் பெறுவர்?

ஆதலின், வரலாற்றுப் புதினத்தை ஆராய்வோர் மூன்று வினாக்களையேனும் தம் ஏட்டில் சேர்த்தல் வேண்டும். வாட்போரில் வீழ்ந்தவனுக்காக அழுவோர் அப்புதினத்தில் உளரா? வென்றவனை நோக்கி எதிர்வினா எழுப்பும் குரல் உண்டா? கொலைக்கு ஈடாக நிலமோ விளக்கோ, ஏதேனும் ஒரு பொறுப்பை எவரேனும் ஏற்கின்றனரா? இம்மூன்றுக்கும் விடை 'இல்லை' எனில், அப்புதினம் சுவையானதாக இருக்கலாம், நடையழகு மிக்கதாகவும் இருக்கலாம். புறமரபின் தொடர்ச்சி ஆகாது. அவ்வாறு எழுதப்பெற்ற இயலைத் திருத்தி எழுதுமாறு நெறியாளர் திருப்பி அனுப்புதல் வேண்டும்.